மனச்சோர்வுக்கு மாத்திரையா, பேச்சா, பொறுத்திருப்பதா?

மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில், மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களுக்குச் சராசரியாக 9.8 மதிப்பெண் இறங்கியது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 8.0 இறங்கியது. 1979 முதல் 2016 வரை மருந்து நிறுவனங்கள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் ஒப்படைத்த 232 ஆய்வுகள், 73,388 பேர், அத்தனையையும் கூட்டி 2022-இல் வெளியான கணக்கு இது.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு இரண்டு கட்சிகளும் வெற்றி ஊர்வலம் போகின்றன. ஒரு கட்சி சொல்கிறது: பலனில் ஐந்தில் நான்கு பங்கு பிளாசிபோவிலேயே, அதாவது அந்த வெற்று மாத்திரையிலேயே, கிடைத்துவிடுகிறது, அப்புறம் மருந்து எதற்கு? இன்னொரு கட்சி சொல்கிறது: இத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தும் மருந்து முன்னால்தான் நிற்கிறது, பிறகென்ன சந்தேகம்?

கையில் மருந்துச் சீட்டோடு நிற்கிறவருக்கு இந்தச் சண்டை பாதிதான் உதவும். எந்த மெடிக்கலிலும் பிளாசிபோ விற்பதில்லை. மருந்தா பிளாசிபோவா என்பது ஆய்வாளர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அவர் முன்னால் இருக்கிற வழிகள் வேறு: மாத்திரை எடுக்கலாம், கவுன்சலிங் போகலாம், நடக்கவோ ஓடவோ தொடங்கலாம், கொஞ்ச நாள் பார்ப்போம் என்று பொறுத்திருக்கலாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் என்றால் தொடரலாம், நிறுத்தலாம். பிளாசிபோ ஆய்வுகள் இந்த வழிகளைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்பதுதான் நமக்குப் பயன்.

ஒரே எண், மூன்று பெயர்

1998-இல் அமெரிக்க உளவியலாளர் இர்விங் கிர்ஷும் கை சபிர்ஸ்டைனும் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருந்தின் பலனில் சுமார் 75 சதவீதம் பிளாசிபோவிலும் கிடைக்கிறது என்றார்கள். ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்த விதமே சரியில்லை என்று மனநல மருத்துவர்கள் கொதித்தார்கள். சரி, நிறுவனங்களே எஃப்.டி.ஏ.விடம் கொடுத்த தரவுகளை எடுப்போம் என்று, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வாங்கி, 2008-இல் கிர்ஷ் குழு மறுபடியும் கணக்குப் போட்டது. 35 ஆய்வுகள், நான்கு மருந்துகள். மருந்துக்கு 9.6, பிளாசிபோவுக்கு 7.8. வித்தியாசம் 1.8. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு அப்போது வைத்திருந்த அளவுகோலில் 3 மதிப்பெண் வித்தியாசம் இருந்தால்தான் நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க பலன். மாத்திரை தேறவில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

அதே ஆண்டு, முன்பு எஃப்.டி.ஏ.வில் மதிப்பாய்வாளராக இருந்த எரிக் டர்னர் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். 74 ஆய்வுகளில் 38 மருந்துக்குச் சாதகமாக முடிந்திருந்தன. அவற்றில் ஒன்றைத் தவிர எல்லாமே இதழ்களில் வெளியாகியிருந்தன. சாதகமாக முடியாத 36-இல் 22 வெளிவரவே இல்லை. 11 ஆய்வுகள், முடிவு சாதகம் என்று தோன்றும்படி எழுதப்பட்டு வெளிவந்தன. வெறும் மூன்றுதான் உள்ளதை உள்ளபடி சொல்லி வெளியாயின. இதழ்களை மட்டும் படிக்கிற ஒரு மருத்துவர் 94 சதவீத ஆய்வுகள் வெற்றி என்று நினைத்திருப்பார், எஃப்.டி.ஏ.வின் கணக்கில் அது 51 சதவீதம். மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வியைவிட இது பெரிய அவமானம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் இதைப் பற்றிய பேச்சு சீக்கிரமே அடங்கிவிட்டது.

2018-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 522 ஆய்வுகளை, 1,16,477 பேரை எடுத்துக்கொண்டது. 21 மருந்துகளும் பிளாசிபோவை முந்தின. விவாதம் முடிந்தது என்று மறுபடியும் செய்தி.

இப்போது மூன்று பேரின் எண்களையும் பக்கத்தில் வையுங்கள். மருந்துக்கும் பிளாசிபோவுக்கும் உள்ள இடைவெளியைப் புள்ளியியலில் ஒரு பொது அலகில் சொல்வார்கள். கிர்ஷுக்கு அது 0.32. டர்னர் எஃப்.டி.ஏ. தரவில் பார்த்தது 0.31. சிப்ரியானிக்கு 0.30. 'பயனற்றது' என்ற தலைப்பும் 'பயனுள்ளது' என்ற தலைப்பும் ஏறக்குறைய ஒரே எண்ணின் மேல் எழுதப்பட்டவை. மருந்துக்குச் சொந்தப் பலன் இருக்கிறது, சராசரியில் அது சிறியது என்பதில் உண்மையில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அந்தச் சிறியது யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்பதில்தான் இருக்கிறது.

அந்த 8 மதிப்பெண் எங்கிருந்து வந்தது

பிளாசிபோ எடுத்தவர்களுக்கு 8 மதிப்பெண் இறங்கியதை, நம்பிக்கையே குணப்படுத்தியது என்று படிப்பது அவசரம். மனச்சோர்வு பல பேருக்குத் தானாகவே இறங்கும். சிகிச்சை பெறாதவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின் மதிப்பீட்டில், மூன்று மாதத்தில் 23 சதவீதம் பேரும் ஒரு வருடத்தில் 53 சதவீதம் பேரும் தேறிவிடுகிறார்கள். தவிர, யாரும் நன்றாக இருக்கும் வாரத்தில் போய் ஆய்வில் சேர்வதில்லை. ரொம்ப மோசமான நேரத்தில்தான் சேர்கிறார்கள், அதற்கு அடுத்த மாதம் சற்று மேலாகத்தான் இருக்கும். இவ்வளவு மதிப்பெண் இருந்தால்தான் ஆய்வில் சேர்ப்போம் என்று விதி வைத்தால், ஆள் தேவைப்படும் மையங்களில் ஆரம்ப மதிப்பெண் கொஞ்சம் தாராளமாகவே விழும். அப்புறம், ஆய்வில் இருப்பவரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் உட்காரவைத்துப் பொறுமையாக விசாரிக்கிறார். நம் ஊர் ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்களோடு இதை ஒப்பிட முடியாது. இவை எல்லாம் போக மிஞ்சுவதுதான் எதிர்பார்ப்பின் பங்கு.

அந்தப் பங்கையும் லேசாக நினைக்க வேண்டாம். ஸ்வீடனின் உப்சாலாவில் 2017-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் எல்லோருக்கும் எஸ்சிடலோபிராம் என்ற ஒரே மனச்சோர்வு மாத்திரை, ஒரே 20 மில்லிகிராம். பாதிப் பேரிடம் உண்மையைச் சொன்னார்கள். மீதிப் பேரிடம், இது பக்கவிளைவை மட்டும் உண்டாக்கும், குணப்படுத்தாத மாத்திரை என்று சொன்னார்கள். முதல் குழுவில் 50 சதவீதம் பேருக்குப் பலன். இரண்டாவதில் 14 சதவீதம். இது மனச்சோர்வில் இல்லை, சமூகப் பதற்றத்தில் செய்தது. இருந்தாலும் மருந்தையும் எதிர்பார்ப்பையும் கத்தி வைத்து வெட்டிப் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்க்கவில்லை.

கிர்ஷின் வாதத்தில் இன்னொரு கூர்மையான பகுதி உண்டு. மருந்து எடுப்பவருக்கு வாய் உலர்கிறது, குமட்டுகிறது. உடனே 'நமக்கு நிஜ மருந்துதான் வந்திருக்கிறது' என்று ஊகித்துவிடுகிறார், அந்த ஊகமே அவரைத் தேற்றுகிறது. அப்படியானால் அந்த 1.8 கூட பிளாசிபோதான் என்கிறார். நல்ல கேள்வி. இதற்கு ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஃபிரெட்ரிக் ஹியரோனிமஸ் குழு 2018-இல் ஒரு பதில் கொடுத்தது. சிட்டலோபிராம், பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்துகளின் ஆய்வுகளில் பக்கவிளைவே இல்லாதவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடமும் மருந்து பிளாசிபோவை முந்தியது. கேள்வியை இது முழுக்க மூடிவிடவில்லை. ஆனால் 'எல்லாமே ஊகத்தின் விளைவு' என்று சொல்வது இதற்குப் பிறகு கடினம்.

அளவுகோலுக்கும் கோளாறு உண்டு. பெரும்பாலான ஆய்வுகளில் பயன்படுவது மாக்ஸ் ஹாமில்டன் 1960-இல் வெளியிட்ட பட்டியல். 17 கேள்விகள், அதிகபட்சம் 52 மதிப்பெண். இதில் தூக்கத்துக்கு மட்டும் 6. மனம் சோர்ந்திருக்கிறதா என்ற கேள்விக்கு 4. வயிற்றுத் தொல்லை, பாலுறவு நாட்டம் குறைவது எல்லாம் நோயின் அறிகுறியாகப் பட்டியலில் இருக்கின்றன. இன்று அதிகம் எழுதப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளின் பக்கவிளைவுகளும் அதே இரண்டுதான்! மருந்து ஒரு கையால் குறைத்த மதிப்பெண்ணை இன்னொரு கையால் ஏற்றிவிடுகிறது. மறுபக்கம், தூக்கம் வரவைக்கும் எந்த மருந்தும் மனம் மாறாமலே சில மதிப்பெண்ணை இறக்கிக் காட்ட முடியும். ஆக 1.8 என்பதை நுனி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டிய எண்ணாகத்தான் நான் பார்க்கிறேன்.

அதைவிட முக்கியம், அது சராசரி. வகுப்புச் சராசரி 2 மதிப்பெண் கூடியது என்றால் எல்லோரும் இரண்டிரண்டு கூடுதலாக வாங்கினார்கள் என்று பொருள் இல்லை. சிலர் மட்டும் பன்னிரண்டு கூடுதலாக வாங்கியிருக்கலாம். 2022-ஆம் ஆண்டுக் கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு, பிளாசிபோவில் கிடைத்திருக்க முடியாத பெரிய பலன் மருந்தில் கிடைக்கிறது என்பது அதன் மதிப்பீடு. மற்றவர்களில் பெரும்பாலோர் தேறினாலும் தேறாவிட்டாலும் மாத்திரைக்கு அதில் பெரிய பங்கு இல்லை. அந்த 15 பேரில் நீங்கள் ஒருவரா என்பதை முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது.

வழிகளைப் பக்கத்தில் வைத்தால்

பொறுத்திருப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். லேசான சோர்வு, வேலைக்குப் போக முடிகிறது, சாப்பிட முடிகிறது, தொடங்கி சில வாரம்தான் ஆகிறது என்றால் இது நியாயமான வழி. ஒரு நிபந்தனை: யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிலையைத் திரும்பப் பார்க்க வேண்டும். நைஸ் அமைப்பே 2022-இல், லேசான மனச்சோர்வுக்கு முதல் சிகிச்சையாக மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், நோயாளி விரும்பிக் கேட்டால் தவிர, என்று எழுதிவிட்டது.

நம் ஊரில் பட்டியலில் இல்லாத ஒரு வழியும் நடைமுறையில் உண்டு. மனம் சோர்ந்தவர் மனம் சரியில்லை என்று சொல்லி வருவதில்லை. உடம்பெல்லாம் வலி, அசதி, தூக்கமில்லை, பசியில்லை என்றுதான் வருகிறார். பி-காம்ப்ளக்ஸ் ஊசி, சத்து மாத்திரை, சில இடங்களில் ஒரு பாட்டில் குளுக்கோஸ். குறைபாடு எதுவும் இல்லாதவருக்கு இது அப்பட்டமான பிளாசிபோ, காசு கொடுத்து வாங்குகிற பிளாசிபோ. ஊசி போட்ட வாரம் கொஞ்சம் தெம்பாக இருக்கும், அப்புறம் பழையபடி. கூடவே அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை வந்தால் சிக்கல் வேறு மாதிரி. அது அன்றிரவே வேலை செய்யும், அதனாலேயே பிடித்துப்போகும், வாரக்கணக்கில் போனால் அது இல்லாமல் தூங்க முடியாமல் ஆகும். மனச்சோர்வு மாத்திரைகளான எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் இரண்டும் அப்படிப்பட்டவை இல்லை. உடனே எதுவும் தெரியாது, இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். இந்த இரு வகை மாத்திரைகளையும் 'நரம்பு மாத்திரை' என்ற ஒரே பெயரில் பேசுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் சீட்டில் எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உடற்பயிற்சிக்கு ஒரு நல்ல நேரடி ஒப்பீடு இருக்கிறது. அமெரிக்காவில் 2007-இல் வெளியானது, 202 பேர், நான்கு மாதம். கண்காணிப்பில் பயிற்சி செய்தவர்களில் 45 சதவீதம் பேர் முழுமையாகத் தேறினார்கள், வீட்டில் செய்தவர்களில் 40, செர்ட்ராலின் எடுத்தவர்களில் 47, பிளாசிபோவில் 31. புள்ளியியல் கண்ணில் இந்த வித்தியாசம் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. பயிற்சியும் மாத்திரையும் ஏறக்குறைய சமம் என்பது மட்டும் தெளிவு. ஆனால் படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம் நடைப்பயிற்சி போ என்பது அறிவுரையே அல்ல.

பேச்சு சிகிச்சைக்கு வந்தால் இந்தியாவிலேயே, கோவாவில், நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. விக்ரம் படேல் குழு 2003-இல் வெளியிட்டதில், பொது மருத்துவமனைக்கு வந்த 450 பேருக்கு ஃபுளுவாக்ஸெட்டின், பிளாசிபோ, பேச்சு சிகிச்சை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டாவது மாதத்தில் மாத்திரை பிளாசிபோவை முந்தியது. பேச்சு முந்தவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மாத்திரையின் முன்னிலையும் கரைந்திருந்தது. அதோடு விட்டுவிடாமல் சிகிச்சையையே மாற்றி அமைத்தார்கள். 2017-இல் வந்த அடுத்த ஆய்வில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள் ஆறு முதல் எட்டு அமர்வு பேசினார்கள். என்ன செய்தால் மனம் கொஞ்சம் லேசாகிறது என்று கண்டுபிடித்து அதை அன்றாடத்தில் திரும்பக் கொண்டுவருவதுதான் முறை. சிகிச்சைக்கு வந்தவர்கள் மிதமான அளவைத் தாண்டிய மனச்சோர்வு உள்ளவர்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39.

64-39 என்ற இடைவெளி மாத்திரையின் இடைவெளியைவிடப் பெரிதாகத் தெரியும். இங்கேதான் ஏமாறக் கூடாது. மாத்திரை ஆய்வில் யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. பேச்சு சிகிச்சையில் அதை மறைக்க வழியில்லை. தனக்குச் சிகிச்சை கிடைக்கிறது என்று தெரிந்தவரின் எதிர்பார்ப்பு முழுக்க அந்த 64-க்குள் சேர்ந்துவிடுகிறது. மாத்திரையைப் பிளாசிபோ என்று ஒதுக்குகிறவர்கள் பேச்சுக்கும் பயிற்சிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. மாத்திரையையும் பேச்சையும் பிளாசிபோவையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த 2005-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. 240 பேர், மிதமானது முதல் தீவிரமானது வரை. எட்டாவது வாரத்தில் பலன் கண்டவர்கள் மாத்திரையில் 50 சதவீதம், பேச்சில் 43, பிளாசிபோவில் 25. பதினாறாவது வாரத்தில் மாத்திரையும் பேச்சும் 58-இல் சமமாகிவிட்டன. பேச்சு கொஞ்சம் மெதுவாக வருகிறது. ஆனால் நிறுத்திய பிறகு அதன் பலன் அதிக நாள் நிற்கிறது: அடுத்த ஒரு வருடத்தில் பேச்சு சிகிச்சை முடித்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, மாத்திரையை நிறுத்தியவர்களில் 76.

ஆகவே நல்ல கவுன்சலர் எட்டும் தூரத்தில் இருந்தால், மிதமான சோர்வுக்கு நான் முதலில் அங்கேதான் போகச் சொல்வேன். எத்தனை ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறார், வாரா வாரம் அரை நாள் விடுப்பு யாருக்குக் கிடைக்கும் என்பது வேறு கதை. அப்படி இல்லாத இடத்தில் மாத்திரை இரண்டாந்தர வழி அல்ல, கையில் இருக்கிற வழி. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் அது இலவசமாகவே கிடைக்கிறது. எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

தீவிரமான நிலையில் இந்த எடைபோடல் எதுவும் வேண்டாம். சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது, எழுந்து குளிக்க முடியவில்லை, உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், அவர் மாத்திரை சொன்னால் எடுக்க வேண்டும். 2010-இல் ஆறு ஆய்வுகளின் தனிநபர்த் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, லேசான, மிதமான நிலைகளில் இல்லை என்று சொல்லுமளவுக்குச் சிறியதாக இருந்த வித்தியாசம், ஹாமில்டன் மதிப்பெண் 25-ஐத் தாண்டியவர்களிடம் கணிசமாகத் தெரிந்தது. பிற்காலத்தில் வந்த சில பெரிய தொகுப்புகள் இந்த ஏற்றத்தை இவ்வளவு கூர்மையாகக் காட்டவில்லை. இருந்தாலும், அபாயம் அதிகமாக இருக்கும் இடத்தில் சிறிய பலனுக்கும் மதிப்பு கூடிவிடுகிறது.

லேசான நிலையில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரிட்டனில் 2019-இல் வெளியான ஆய்வில் 650-க்கும் மேற்பட்டவர்களுக்கு செர்ட்ராலினோ பிளாசிபோவோ கொடுத்தார்கள். ஆறாவது வாரத்தில் மனச்சோர்வு மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை. பதற்றம் மட்டும் மாத்திரையில் தெளிவாகக் குறைந்தது. 'மொத்தத்தில் பரவாயில்லை' என்று சொன்னவர்களும் மாத்திரை பக்கம்தான் அதிகம். சோர்வோடு பதற்றமும் பிடித்து ஆட்டுகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை என்று முடிவானால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டியவை சில. எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவு மீறிய உற்சாகத்தில் பல நாள் இருந்ததுண்டா என்பது முதலாவது. இருமுனைக் கோளாறு இருப்பவருக்கு இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அது மறுமுனைக்குத் தள்ளிவிடலாம். ஆஸ்பிரின், வலி மாத்திரை எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கலாம். 25 வயதுக்குக் குறைந்தவர்களைத் தொடக்க வாரங்களில் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் அதிகரிக்கலாம் என்று எஃப்.டி.ஏ. 2004-இல் சிறார்களுக்கும் 2007-இல் 24 வயது வரையிலானவர்களுக்கும் எச்சரிக்கை அச்சிட வைத்தது. நாலு முதல் ஆறு வாரத்தில் கொஞ்சமும் அசைவில்லை என்றால் அளவையோ மருந்தையோ மாற்றும் பேச்சை எடுக்க வேண்டும். 'பழகிடும்' என்று வருடக்கணக்கில் அதையே விழுங்கிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

தொடர்வதா, நிறுத்துவதா

'எல்லாம் பிளாசிபோ' என்று எங்கோ படித்துவிட்டு ஒருநாள் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்களை நினைத்துத்தான் இந்தப் பகுதி. பிரிட்டனில் நீண்ட காலம் மாத்திரை எடுத்து, இப்போது நன்றாக இருந்து, நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த 478 பேரிடம் செய்த ஆய்வு 2021-இல் வெளியானது. பாதிப் பேருக்கு அவர்களுக்கே தெரியாமல் படிப்படியாக மருந்தை நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, நிறுத்தியவர்களில் 56. மருந்து ஏதோ செய்கிறது என்பது தெரிகிறது. நிறுத்திய நூற்றில் 44 பேர் ஒரு வருடம் நன்றாகவே இருந்தார்கள் என்பதும் தெரிகிறது. முதல் தடவை வந்த சோர்வு, ஆறு மாதத்துக்கு மேல் நன்றாக இருக்கிறார், வீட்டிலும் வேலையிலும் நெருக்கடி தணிந்திருக்கிறது என்றால் நிறுத்திப் பார்ப்பதில் நியாயம் உண்டு. மூன்றாவது தடவை வந்தவர் என்றால் தொடர்வதே மேல்.

எப்படி நிறுத்தினாலும் மருத்துவரிடம் சொல்லி, மெல்ல மெல்ல. 2024-இல் வெளியான ஒரு தொகுப்பின்படி நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்குத் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதல் போன்ற தொல்லைகள் வந்தன; பிளாசிபோவை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு வந்தன, எதிர்பார்ப்பு அந்தப் பக்கமும் வேலை செய்கிறது. சில நாளில் வரும் இந்தத் தொல்லையை நோய் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு பயந்து மறுபடி தொடங்குகிறவர்கள் உண்டு. உண்மையில் நோய் திரும்புவதானால் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து மெதுவாக வரும். பராக்ஸெட்டினும் வென்லாஃபாக்ஸினும் இந்த விஷயத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உடம்பில் நெடுநாள் தங்கி மெதுவாகக் கரைகிற ஃபுளுவாக்ஸெட்டினை விடுவது சுலபம். முதல் சீட்டு எழுதும்போதே, நாளைக்கு இதை நிறுத்துவது எப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்.